‘மேல் கேண்டிடேட்ஸ் ஒன்லி’

போன செப்டம்பரில் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பிளேஸ்மென்ட் சர்குலர் வந்தது. கோர் கம்பெனி. சப்-ஸ்டேஷன் கட்டி, டெஸ்ட் பண்ணி, சார்ஜ் பண்ணிக் கொடுக்கிற வேலை. டிரிபிள்இ படிக்கிறவங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேற என்ன இருக்கு? தகுதி: சிஜிபிஏ ஏழுக்கு மேல், அரியர் இருக்கக் கூடாது, வெளியூர் சைட்டில் தங்கத் தயாராக இருக்கணும். கடைசியில் ஒரு வரி: ‘மேல் கேண்டிடேட்ஸ் ஒன்லி.’

என் சிஜிபிஏ 8.4. ஒரு அரியர்கூடக் கிடையாது. சைட்டில் தங்கவும் ரெடி. நாலில் மூணு பாஸ், கடைசி வரியில் ஃபெயில். அந்தப் பேப்பருக்கு ரீவேல்யூவேஷனும் கிடையாது.

குரூப்பில் 58 பேர் இருக்கிறோம், அதில் 23 பேர் பெண்கள். சர்குலருக்குக் கீழே வரிசையா கட்டைவிரல் எமோஜி விழுந்தது. ஒருத்தர்கூட ‘ஏன்?’ என்று கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. அதை முதலிலேயே ஒத்துக்கிறேன். இல்லாட்டி இதுக்கு மேல நான் எழுதுறதை நீங்க நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். பன்னிரண்டாவது வரை நான் இங்கிலீஷ் மீடியம். தமிழில் கடைசியா முழு நீளக் கட்டுரை எழுதினது பரீட்சையில்தான். எங்கே ‘ர’, எங்கே ‘ற’ என்று எடிட்டர் பார்த்துத் திருத்தணும். ஆனா இதை எங்க ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டணும்னு ஆசை. அதனால தமிழ்.

நம்ம காலேஜில் மார்ச் 8ஆம் தேதி என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். ஆடிட்டோரியம், புடவை, கோலப்போட்டி, சிறப்பு விருந்தினர். போன வருஷம் வந்த விருந்தினர் மைக்கை எடுத்துக்கிட்டு மேடையை விட்டு இறங்கி வந்துட்டாங்க. ‘ஆண்கள் அதிகமா இருக்கிற துறைக்கு வந்திருக்கீங்க. உங்க இன்ஸ்பிரேஷன் யாரு?’ன்னு ஒவ்வொருத்தரா கேட்டாங்க. நான் ‘கல்பனா சாவ்லா’ன்னு சொன்னேன். கைதட்டி ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தாங்க. நல்ல டிபன் பாக்ஸ். இப்பவும் அதுலதான் சோறு கொண்டு வாறேன்.

உண்மை என்னன்னா, நான் டிரிபிள்இ எடுத்ததுக்கும் கல்பனா சாவ்லாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்க ஊர் விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் மலை அடிவாரம். சின்ன வயசில் அப்பா பைக்கில் கூட்டிட்டுப் போகும்போது, மலைச்சரிவில் இறங்குற பெரிய பெரிய பைப்பையும் கீழே பவர்ஹவுஸையும் காட்டி, ‘இந்தத் தண்ணிதான் நம்ம வீட்டு ஃபேனைச் சுத்த வைக்குது’ன்னாங்க. தண்ணி எப்படி ஃபேனைச் சுத்தும்னு நாலு நாள் மண்டையைக் குழப்பிக்கிட்டேன். என் இன்ஸ்பிரேஷன் அவ்வளவுதான். மேடையில் இதைச் சொல்லியிருந்தா டிபன் பாக்ஸ் கிடைச்சிருக்காது.

எனக்குச் சண்டை அந்தக் கேள்வியோடதான். ‘பெண்கள் இந்தத் துறைக்கு ஏன் வரலை? இன்ஸ்பிரேஷன் இல்லை. அதனால நாலு சாதனைப் பெண்கள் படத்தை மாட்டுவோம்’ - இதுதான் அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு. குறை எங்க மனசுக்குள்ள இருக்கு, அதை ஊதிப் பெருசாக்கினா போதும்கிற நினைப்பு. மார்ச்சில் எங்களுக்கு இன்ஸ்பிரேஷன் கொடுத்த அதே வளாகத்தில்தான் செப்டம்பரில் அந்தச் சர்குலரும் வந்தது.

எங்க ஆச்சி நாற்பது வருஷம் பீடி சுத்தினாங்க. முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கம் பிறந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டாம். மடியில் சுளகு, அதில் இலை, தூள், நூல், கத்தரி. அடுப்பில் குழம்பு கொதிக்கும், கை பாட்டுக்குச் சுத்தும். சாயங்காலம் கட்டை எண்ணி பீடிக் கடைக்குக் கொண்டு போகணும். கடையில் இருக்கிறவர் எடுத்துப் பார்த்து, சரியில்லைன்னு கொஞ்சத்தை ஒதுக்கித் தள்ளுவார். எண்ணுறதும் தள்ளுறதும் ஆம்பளை, சுத்துறது பொம்பளை. அந்த நாற்பது வருஷத்தில் ஒருத்தரும் ஆச்சிகிட்ட, ‘உங்க இன்ஸ்பிரேஷன் யாரு?’ன்னு மைக்கை நீட்டினதில்லை.

எங்கே வேணும்னாலும் பாருங்க. பாளையங்கோட்டையில் கட்டடம் கட்டுற எந்த சைட்டிலும் பெண்கள் இருக்காங்க. சாந்துச் சட்டி சுமக்கிறாங்க, செங்கல் ஏத்துறாங்க. அவங்க பேரு சித்தாள். பத்து வருஷம் கூடவே நின்னு வேலை பார்த்த ஒரு சித்தாள் கரண்டியைக் கையில் வாங்கிக் கொத்தனார் ஆனதை நீங்க எத்தனை தடவை பார்த்திருக்கீங்க? வயலுக்கு வாங்க. தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் நட்டது பெண்கள். அறுப்பு மெஷின் வந்துச்சு. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தது யாரு?

அதனால ‘ஆண்கள் ஆதிக்கம் செலுத்தும் துறை’ன்னு எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் இடிக்குது. கட்டடத்திலும் வயலிலும் பெண்கள் நிறைய இருக்காங்க. இல்லாதது கரண்டி, ஸ்டியரிங், கணக்கு நோட்டு இருக்கிற இடத்தில். வெயில் தாங்க மாட்டாங்க, சுமை தூக்க மாட்டாங்கன்னு சொல்லுறவங்க சித்தாள் அக்கா சட்டியை ஒரு தடவை தூக்கிப் பார்த்துட்டு வந்து பேசட்டும்.

ஸ்டியரிங் பேச்சு வந்ததால இதையும் சொல்லணும். நம்ம பக்கத்து மாவட்டம், கன்னியாகுமரி. அங்கே வசந்தகுமாரி என்பவர் 1993இல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பஸ் டிரைவராகச் சேர்ந்தார். ஆசியாவிலேயே முதல் பெண் பஸ் ஓட்டுநர் என்று பத்திரிகைகள் எழுதின. 2017இல் ஓய்வு பெறுகிறவரை ஓட்டினார். 24 வருஷம்! நாகர்கோவில் இங்கிருந்து ஒண்ணரை மணி நேரம். ஆனா வி.கே.புரத்துக்கும் ஜங்ஷனுக்கும் இடையில் தினமும் பஸ்ஸில் போய் வந்த நான், இதுவரை ஏறின ஒரு அரசு பஸ்ஸில்கூட ஒரு பெண் ஓட்டுநரைப் பார்த்ததில்லை. ஒரு ஆள் சாதிச்சா பின்னாடியே நூறு பேர் வந்துடுவாங்கன்னு சொல்லுறாங்களே, வசந்தகுமாரியம்மாவுக்குப் பின்னாடி அந்த நூறு பேர் எங்கே?

சரி, முன்னால போனவங்க எப்படித்தான் போனாங்க? எனக்குப் பிடிச்ச கதை ஏ. லலிதாவோடது. டிரிபிள்இ படிக்கிற பாதிப் பேருக்கு இந்தப் பேரே தெரியாது. எனக்கும் மூணாவது வருஷம் வரை தெரியாது. ஃபாரடே, டெஸ்லா, தெவெனின் எல்லாரையும் தெரியும். நம்ம சென்னையில் படிச்ச, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான எலக்ட்ரிக்கல் இன்ஜினியரைத் தெரியாது.

லலிதா 1919இல் சென்னையில் பிறந்தார். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் ஒரு விதவையின் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம், உங்கள் வீட்டு ஆச்சிகளைக் கேளுங்கள். அவர் குயின் மேரிஸ் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார். மருத்துவம் படிக்கலாம் என்றால், நடுராத்திரியில் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டிய வேலை, வேண்டாம் என்று நினைத்தாராம். அவருடைய அப்பா பப்பு சுப்பா ராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். அதுவரை அந்தக் கல்லூரியில் பெண்களே கிடையாது. அப்பா போய் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். முதல்வர் சம்மதித்தார். அரசின் பொதுக் கல்வி இயக்குநர் அனுமதி கொடுத்தார். 1940இல் லலிதா சேர்ந்தார்.

இதுவரைக்கும் மேடையில் சொல்லுற கதை மாதிரிதான். எனக்குப் பிடிச்சது அடுத்த பகுதி. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். பாடம் பெரிய கஷ்டமாக இல்லை, ஹாஸ்டல் தனிமைதான் கஷ்டம். அப்போ என்ன செஞ்சாங்க தெரியுமா? ‘தைரியமா இரும்மா’ன்னு முதுகில் தட்டிக் கொடுத்துட்டுப் போயிடலை. பெண்களும் சேரலாம்னு கல்லூரி விளம்பரம் கொடுத்தது. லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இரண்டு பேர் சிவிலில் வந்து சேர்ந்தார்கள். அந்தத் திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா தனியா இருக்காங்களேன்னு கொடுத்த ஒரு விளம்பரத்தில் கேரளாவுக்கு ஒரு சீஃப் இன்ஜினியர்!

1943இல் லலிதா படிப்பை முடித்தார். பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்றுதான் இங்கிலீஷில் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதைப் பேனாவால் அடித்து ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம், 1944இல், எங்க ஊர் பாபநாசம் பவர்ஹவுஸ் ஓட ஆரம்பித்தது. இந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு என்னமோ செய்தது. அப்பா காட்டின அந்த டர்பைன் சுத்த ஆரம்பிச்சபோதே, அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்ட ஒரு பொண்ணு இந்த மாகாணத்தில் இருந்திருக்கா.

அப்புறம் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஒரு வருஷம் பயிற்சி. சிம்லாவில் அரசு வேலை. பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. மின்கடத்தும் லைன்கள், சப்-ஸ்டேஷன் அமைப்பு என்று டிசைன் வேலை. பக்ரா நங்கல் திட்டத்துக்கும் வேலை பார்த்திருக்கிறார். மகளை வளர்க்க உடன்பிறந்தவர்களின் குடும்பம் துணை நின்றது. 1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளுக்கான முதல் சர்வதேச மாநாடு நடந்தபோது அங்கே போய்க் கலந்துகொண்டார். 1979இல் காலமானார்.

அவருடைய மன உறுதியை நான் குறைச்சுச் சொல்லலை. எனக்கு அதில் கால்வாசி இருந்தா செப்டம்பரிலேயே குரூப்பில் கேட்டிருப்பேன். ஆனா கதையை இன்னொரு தடவை படிங்க. உள்ளே இருந்த ஒரு அப்பா. சரின்னு சொன்ன ஒரு முதல்வர். ஒரு விளம்பரம். கூட வந்த ரெண்டு பேர். குழந்தையைப் பார்த்துக்கிட்ட ஒரு வீடு. இதெல்லாம் கைக்கு எட்டுற விஷயங்கள். போஸ்டரில் மட்டும் முகம் வரும், இதெல்லாம் வராது.

நம்ம ஊருக்கே வருவோம். நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். அரசுப் பள்ளியில் படித்து, நம்ம திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர். 2023 செப்டம்பர் 2ஆம் தேதி அது கிளம்பினப்ப நான் ஃபர்ஸ்ட் இயர். ஹாஸ்டல் மெஸ் டிவியில் பார்த்தோம். ‘ஏட்டி, செங்கோட்டையாம்ட்டி!’ன்னு தென்காசிப் பொண்ணு ஒருத்தி கத்தின கத்தலில் சாம்பார் வாளி கவிழ்ந்தது. 15 லட்சம் கிலோமீட்டர் தாண்டி, 2024 ஜனவரி 6ஆம் தேதி அது போய்ச் சேர்ந்தது. அவங்களை எங்க மேடைக்குக் கூப்பிட்டா, ‘உங்க இன்ஸ்பிரேஷன் யாரு?’ன்னு கேட்க மாட்டேன். எண்பதுகளில் லேப் முடிய லேட் ஆனா ஹாஸ்டலில் எத்தனை மணி வரைக்கும் கேட் திறந்திருந்தது, கிளாஸில் கூட எத்தனை பொண்ணுங்க, முதல் வேலைக்கு அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் யாரு பேசினாங்க, இதைத்தான் கேட்பேன். எனக்கு உதவப் போறது அந்தப் பதில்கள்தான்.

இன்னும் பக்கத்தில், கங்கைகொண்டான் சிப்காட். டாடா பவரின் சோலார் செல், மாட்யூல் ஆலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்து வெச்சார். வேலை பார்க்கிறவங்களில் பெரும்பான்மை பெண்கள். இந்த மாவட்டத்துப் பொண்ணுங்களுக்கு அதுக்கு முன்னாடி செமிகண்டக்டர் மேல திடீர்னு ஆசை பொங்கியிருக்குமா? பெண்களை எடுக்கிறதுன்னு நிர்வாகம் முடிவு பண்ணுச்சு, வந்தாங்க. பத்து வருஷம் கழிச்சு அவங்கள்ல எத்தனை பேர் ஷிஃப்ட் இன்சார்ஜா, மெயின்டனன்ஸ் இன்ஜினியரா இருப்பாங்கங்கிறது அடுத்த கேள்வி. சித்தாள் கதை அங்கேயும் ஆகிடக் கூடாது.

இனி என் கதை. மூணாவது வருஷ லீவில், மே மாசம், ஒரு இடத்தில் இன்-பிளான்ட் டிரெய்னிங். பேர் வேண்டாம். யார்டுக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர், பிரேக்கர், ஐசோலேட்டர் எல்லாம் முதல் தடவை கண்ணுக்கு நேரா. புத்தகத்தில் சின்னச் சின்னக் கோடா வரைஞ்சதெல்லாம் அங்கே ஆள் உயரத்துக்கு மேல நின்னு ‘உம்ம்ம்’னு உறுமுது. சந்தோஷத்தில் முதல் நாள் சாப்பாடே இறங்கலை.

பெண்களுக்குன்னு தனி பாத்ரூம் கிடையாது. ஆபீஸர் ரூம் பக்கத்தில் ஒண்ணு இருந்தது, எப்பவும் பூட்டு. சாவி யார்கிட்டன்னு தெரியாது, கேட்கக் கூச்சம். பதினோரு பசங்க, நான் ஒருத்தி. நாலு நாள் காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரை ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலை. திருநெல்வேலி மே மாச வெயில், சரளைக்கல் யார்டு. நாலாம் நாள் தலை சுத்தி உட்கார்ந்துட்டேன். ‘பொண்ணுங்களுக்கு இதெல்லாம் தாங்காது’ன்னு ஒரு சார் ரொம்பப் பிரியமாச் சொன்னார். ஜூஸ்கூட வாங்கிக் கொடுத்தார்.

தாங்காததுக்குக் காரணம் வெயில் இல்லை சார், பூட்டு. இதை அப்ப சொல்ல வாய் வரலை.

அஞ்சாம் நாள், கூட்டிப் பெருக்க வர்ற அக்கா என்னைப் பார்த்துட்டு, ‘என்ன தாயி, தண்ணி குடிக்காம கெடக்கியா? சாவி கேட்ல செக்யூரிட்டி அண்ணன்ட்ட இருக்கும். காலையில வந்தவொடன வாங்கி வச்சிக்கிடணும்’னாங்க. அவ்வளவுதான். மீதிப் பத்து நாளும் டிரெய்னிங்கை நல்லாவே முடிச்சேன். என் இன்ஸ்பிரேஷன் யாருன்னு இனிமே யாராவது கேட்டா அந்த அக்காவைச் சொல்லலாம்னு இருக்கேன்.

நீங்க சொல்லலாம், சட்டம் இருக்கேன்னு. இருக்கு. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேணும்னு சொன்னது. அதே சட்டம், ஓடுற மெஷினுக்கு எண்ணெய் போட, சுத்தம் செய்ய, பெண்களையும் சின்னப் பசங்களையும் விடக் கூடாதுன்னும் சொன்னது. ரெண்டு பேரும் ஒரே வரியில்! ராத்திரி ஷிஃப்ட்டுக்கு இருந்த தடையை எடுத்துக்கிட்டு ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2000 டிசம்பரில் நீதிமன்றம் தடையை ரத்து செய்து, பாதுகாப்பு ஏற்பாடுகளை நிர்வாகம்தான் செய்யணும்னு நிபந்தனைகள் போட்டது. ராத்திரி பயமா இருக்குன்னா பெண்ணை வீட்டுக்கு அனுப்புறது வழி இல்லை, வண்டி ஏற்பாடு பண்ணுறதுதான் வழி. வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண்ணுன்னு பாகுபாடு பார்க்கக் கூடாதுன்னு 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டமே சொன்னது.

சுதா மூர்த்தி கதை கேட்டிருப்பீங்க. 1974இல் டெல்கோ விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்னு போட்டிருந்ததைப் பார்த்து, ஜே.ஆர்.டி. டாடாவுக்கே ஒரு போஸ்ட்கார்டு எழுதினாங்க. இன்டர்வியூவுக்கு வரச் சொல்லித் தந்தி வந்தது, வேலையும் கிடைச்சது. இதை எங்க மேடையில் குறைஞ்சது மூணு தடவை கேட்டுட்டேன். கேட்கும்போதெல்லாம் எல்லாரும் கைதட்டுவோம். ஐம்பது வருஷம் கழிச்சு அதே வரி எங்க குரூப்பில் வந்தப்ப எல்லாரும் கட்டைவிரல் போட்டோம்.

ரெண்டு வாரம் கழிச்சு, நானும் இன்னும் ரெண்டு பேரும் பிளேஸ்மென்ட் சாரைப் போய்ப் பார்த்தோம். தனியா போயிருந்தா வாசல்லயே திரும்பியிருப்பேன். ‘உங்க சேஃப்டிக்குத்தான்மா அப்படிப் போட்டிருப்பாங்க’ன்னார். நல்ல மனுஷன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ராத்திரி பூரா நர்ஸ் அக்காக்கள் டியூட்டி பார்க்கிறாங்களே சார்னு கேட்டேன். சிரிச்சுட்டு, கம்பெனிக்குப் போன் போட்டார். அவங்க சொன்னது எனக்கு ஆச்சரியமா இருந்தது. ‘அப்படி ரூல் ஒண்ணும் இல்லை சார், பழைய ஃபார்மட், அப்படியே வருது. வரச் சொல்லுங்க.’ எத்தனை வருஷம், எத்தனை காலேஜ், எத்தனை பொண்ணுங்க! அழிக்க மறந்த ஒரு வரி.

எழுத்துத் தேர்வில் நான் பாஸ். இன்டர்வியூவில் ரிலே செட்டிங் பத்திக் கேட்பாங்கன்னு ராத்திரி முழுக்கப் படிச்சுட்டுப் போனேன். கேட்டது: அப்பா அம்மா சம்மதிச்சாங்களா, கல்யாணம் எப்போ, கல்யாணம் ஆனா என்ன பண்ணுவீங்க. ரிலேங்கிற வார்த்தையே வரலை. எனக்குக் கிடைக்கலை. எங்க வகுப்புப் பசங்க நாலு பேருக்குக் கிடைச்சது. அதில் ஒருத்தன் முக்கூடல்காரன், நல்ல நண்பன். நான் புலம்பினதைக் கேட்டுட்டு அவன் சொன்னதையும் எழுதணும், இல்லாட்டி நியாயம் இல்லை. ‘உனக்கு ஐடி ஆஃபர் கையில இருக்கு. எனக்கு இங்கிலீஷ் வரல, ஐடிக்காரன் என்னைய மூணு தடவ ரிஜெக்ட் பண்ணிட்டான். சைட்ல தகரக் கொட்டாயில தங்கணும். சம்பளம் பதினெட்டாயிரம். இதுலயும் பங்கு கேக்கியா?’

எனக்கு உடனே பதில் வரலை. அவன் சொன்னதில் உண்மை இருக்கு. என் இங்கிலீஷ் மீடியம் ஃபீஸை அப்பா கட்டினாங்க, அவனுக்குக் கட்ட ஆள் இல்லை. ஆனா அப்புறம் யோசிச்சேன். அந்தத் தகரக் கொட்டாய் அவனுக்கு மட்டும் ஏன் சரியா இருக்கணும்? பொண்ணு தங்க முடியாத இடம்னு கம்பெனியே நினைக்குதுன்னா, அங்கே ஆம்பளைப் பையனை மட்டும் எப்படித் தங்க வைக்கலாம்? பெண்கள் வந்தா கதவுள்ள ரூம் வேணும், பாத்ரூம் வேணும், ராத்திரி வண்டி வேணும். அதெல்லாம் வந்தா அவனுக்கும்தான் வரும். இதை அவன்கிட்ட சொன்னேன். ‘பேசத்தான் உனக்குச் சொல்லிக் கொடுக்கணுமா’ன்னு போயிட்டான்.

ஜனவரியில் வேறொரு கம்பெனி சர்குலர் வந்தது. கடைசியில் அதே வரி. நான் டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே அதுக்குக் கீழே ஒரு மெசேஜ்: ‘சார், கேர்ள்ஸ் ஏன் இல்ல?’ முக்கூடல்காரன்தான். எமோஜி எதுவும் இல்லை. அடுத்தடுத்து ஒன்பது பேர் அதையே கேட்டாங்க. நிர்வாகத்திலிருந்து பதில் இன்னும் வரலை. வந்தா இதே பத்திரிகையில் எழுதுறேன்.

அம்மா கட்சி வேற. ‘ஏசி ரூம்ல உக்காந்து பாக்குத வேலய விட்டுட்டு கரண்டு கம்பியப் புடிக்கப் போறேங்கியே, உனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு?’ ஐடி ஆஃபர் லெட்டரை அம்மா மாமா வீடு, சித்தி வீடு எல்லாத்துக்கும் ஃபார்வேர்ட் பண்ணியாச்சு. நான் மின்வாரிய ஏ.இ. பரீட்சைக்குப் படிக்கிறேன். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கீடு இருந்தது. அதை 40 ஆக்கப் போவதாக 2021இல் அரசு அறிவித்தது. எங்க பக்கத்து சப்-ஸ்டேஷனில் ஒரு ஏ.இ. அக்கா இருக்காங்க. மழைக்காலத்தில் ராத்திரி ஃபால்ட் வந்தா டார்ச்சோட அவங்கதான் வந்து நிக்கிறாங்க. தெருவில் எல்லாரும் ‘மேடம், கரண்டு எப்ப வரும்?’னுதான் கேட்கிறாங்க. கரண்டு வந்தா போதும், யார் கொண்டு வந்தாங்கன்னு யாருக்கு என்ன? ஜூலைக்குள்ள நோட்டிஃபிகேஷன் வரலைன்னா ஐடிதான். வீட்டில் சண்டை போட்டு ஜெயிச்சுட்டேன்னு சொல்ல ஆசைதான், ஆனா பொய் சொல்லக் கூடாது.

போன வாரம் ஒரு செகண்ட் இயர் பொண்ணு ஹாஸ்டலில் என் ரூமுக்கு வந்தாள். நான் டிரெய்னிங் போன அதே இடத்துக்கு இந்த மே மாசம் போறாளாம். அவ செட்டில் அவ ஒருத்திதான் பொண்ணு. என்ன படிச்சுட்டுப் போகணும், என்ன கேள்வி கேட்பாங்கன்னு நோட்டில் எழுதிக்கிட்டா. எழுந்து போகும்போது கதவுகிட்ட நின்னு, குரலைத் தாழ்த்தி, ‘அக்கா, அங்க பாத்ரூம் இருக்கா?’ன்னு கேட்டா.

இருக்கு, சாவி கேட்ல செக்யூரிட்டி அண்ணன்கிட்ட இருக்கும், காலையில போனவுடனே வாங்கி வெச்சுக்கோன்னு சொன்னேன். அதையும் நோட்டில் எழுதிக்கிட்டா. அவகூட இன்னொரு பொண்ணையும் அந்த லிஸ்ட்டில் சேர்க்கச் சொல்லி எச்ஓடிக்கு லெட்டர் எழுதியிருக்கோம். திங்கட்கிழமை கொடுக்கப் போறோம். கையெழுத்துப் போட வர்றவங்க மெஸ் பக்கம் வாங்க.